மூளையில் இரத்தக் கசிவு: வருமுன் காப்பது எங்ஙனம்?

பொழுது புலருமுன் எழுந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, உளியும் வாளியுமாக நிரைக்குள் நுழைகிறார் ஒரு பால்மரத் தொழிலாளி. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். காய்ச்சல், சளி என்று ஒரு நாள்கூடப் படுத்தறியாதவர். பாதி மரங்களை வெட்டி முடித்த வேளையில் திடீரெனத் தலையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் அமர்ந்துவிடுகிறார். குமட்டி வாந்தி எடுக்கிறார். வாய் ஒருபுறம் கோணுகிறது, பேச்சு குழறுகிறது, வலக்கையில் இருந்த உளி நழுவி விழுகிறது. அடுத்த நிரையிலிருந்து ஓடி வருபவர்கள், "முனி அடித்துவிட்டது" என்கிறார்கள். ஒருவர் திருநீறு கொண்டுவர ஓடுகிறார். மற்றொருவர் பூசாரியைத் தேடிப் போகிறார். மருத்துவமனைக்குச் செல்ல வண்டி கிடைக்கும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிடுகிறது.

பேரா மாநிலத் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர்களுக்கு இத்தகைய காட்சி புதியதன்று. சுங்கை சிப்புட்டிலிருந்து தாப்பா வரையில், முனியின் மீதும் காற்றுச் சேட்டையின் மீதும் பழி போடப்பட்ட மரணங்கள் பல உண்டு. அவற்றுள் எத்தனையோ மரணங்களுக்கு உண்மையான காரணம் மூளைக்குள் ஒரு சிறு இரத்தக் குழாய் வெடித்துக் குருதி கசிந்ததேயாகும். இந்நோய் ஏன் வருகிறது, நமது பழக்கவழக்கங்களும் நாம் உட்கொள்ளும் மருந்துகளும் அதற்கு எவ்வாறு வழி திறந்துவிடுகின்றன, அதனைத் தடுக்க நாம் செய்யக்கூடியவை யாவை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பால்மரம் கற்பிக்கும் பாடம்

பேரா மாநிலத்துக்கும் பால்மரத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1877ஆம் ஆண்டில் கோலாகங்சாரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளுள் ஒன்று இன்றும் அந்நகரில் மரமாக நிற்கின்றது. அம்மரத்தின் வழித்தோன்றல்களோடு வாழ்நாளைக் கழித்த தொழிலாளிக்கு, இரத்தக் கசிவின் தன்மையை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை.

பாலை விடியற்காலையில் வெட்டுவது ஏன்? அவ்வேளையில்தான் மரப்பட்டையின் நுண்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கிறது. வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளியேற்றுவதால் அழுத்தம் தணிகிறது, பாலும் குறைகிறது. பட்டையில் காயம் பட்டவுடன் அழுத்தத்தின் வேகத்தால் பால் வடிகின்றது. சிறிது நேரம் சென்றதும், வெட்டுவாயில் பால் உறைந்து குழாய்களை அடைக்கின்றது, வடிதல் நின்றுவிடுகின்றது. அந்த ஒட்டுப்பாலை நாம் மறுநாள் உரித்தெடுக்கிறோம். கூடுதலாகப் பால் வேண்டுமென்று பட்டையில் மருந்து தடவினால், அம்மருந்து பால் உறைவதைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே பால் நெடுநேரம் வடிகிறது.

நமது உடலிலும் இம்மூன்று அம்சங்களே கசிவைத் தீர்மானிக்கின்றன. குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் ஒன்று; குழாய்ச் சுவரின் உறுதி மற்றொன்று; இரத்தம் உறையும் தன்மை மூன்றாவது. அழுத்தம் மிகுந்தாலோ, சுவர் நைந்தாலோ, உறையும் தன்மை குறைந்தாலோ ஆபத்து நெருங்குகிறது. மூன்றும் ஒருவரிடத்தே ஒன்றுகூடுமாயின் ஆபத்து பன்மடங்காகிறது. மரத்தில் வடியும் பாலை ஏந்த மங்கு உண்டு. மூளையிலோ வடிந்த இரத்தம் செல்ல இடமில்லை. கடினமான மண்டையோட்டுக்குள் அது தேங்கி, மென்மையான மூளையை அழுத்தி நசுக்குகிறது. கைகால் அசைவையும் பேச்சையும் நினைவையும், ஏன், மூச்சையுமே ஆளும் பகுதிகள் இவ்வாறு சிதைகின்றன.

பக்கவாதம் ஒரே வகையன்று

பக்கவாதம் என்று நாம் பொதுவாகச் சொல்லும் நோயில் இருவகை உண்டு. இரத்தக் குழாய் அடைபட்டு மூளைக்குக் குருதி செல்லாமற்போவது ஒரு வகை. குழாய் வெடித்துக் குருதி கசிவது மற்றொரு வகை. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 19 இலட்சம் பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் ஏற்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அவற்றுள் 65 விழுக்காடு அடைப்பினால் வந்தவை. ஏறக்குறைய 29 விழுக்காடு மூளைக்குள்ளேயே ஏற்பட்ட கசிவுகள். எஞ்சிய 6 விழுக்காடு மூளையைச் சுற்றியுள்ள சவ்வின் அடியில் ஏற்பட்ட கசிவுகள். எண்ணிக்கையில் கசிவு குறைவாயினும், உயிரைப் பறிப்பதில் அதுவே கொடியது.

இவ்விரு வகைகளையும் வெளித்தோற்றத்தைக் கொண்டு பிரித்தறிதல் பெரிய மருத்துவர்க்கும் அரிது. 1971ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவமனையொன்றில் சி.டி. ஸ்கேன் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்த பின்னரே உயிருள்ளவரின் மண்டையோட்டுக்குள் நடப்பதைத் தெளிவாகக் காண முடிந்தது. அக்கருவியை உருவாக்கியதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டு, கோர்மாக் ஆகிய இருவருக்கும் 1979இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இதனை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. அடைப்புக்குத் தரும் மருந்து கசிவுள்ளவருக்கு நஞ்சாகும். ஆகவே, ஸ்கேன் எடுத்துப் பார்க்குமுன் வீட்டிலேயே எந்த மருந்தையும் கொடுத்தல் கூடாது.

முதற் பகை இரத்தக் கொதிப்பு

மூளைக் கசிவின் காரணங்களுள் முதலிடம் வகிப்பது இரத்தக் கொதிப்பேயாகும். ஆண்டுக்கணக்கில் மிகை அழுத்தத்தைத் தாங்கும் நுண்குழாய்களின் சுவர்கள் நைந்து போகின்றன. பழைய இரப்பர்க் குழாயில் நீரை வேகமாகத் திறந்துவிட்டால் அது ஓரிடத்தில் பிய்த்துக்கொள்வது போன்று, அச்சுவர்களும் ஒருநாள் வெடிக்கின்றன.

இந்நோய் பதவியையும் செல்வத்தையும் பார்ப்பதில்லை. அமெரிக்க அதிபராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் இரத்த அழுத்தம் 1944ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 186/108 என்று பதிவாயிற்று. அன்றிருந்த மருத்துவர்களிடம் அதனைத் தணிக்கத் தக்க மருந்தில்லை. உப்பைக் குறைக்கவும் ஓய்வெடுக்கவும் மட்டுமே அவர்களால் சொல்ல முடிந்தது. 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், பின்தலையில் கடும் வலி என்று சொன்ன சிறிது நேரத்தில் அவர் நினைவிழந்தார். மூளையில் ஏற்பட்ட பெருங்கசிவினால் அன்றே உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 63.

இரத்த அழுத்தத்தைத் திறம்படக் குறைக்கும் சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைகள் 1958ஆம் ஆண்டில்தான் புழக்கத்துக்கு வந்தன. அதன் பின்னர் எத்தனையோ நல்ல மருந்துகள் வந்துவிட்டன. உலகின் மிகப் பெரிய பதவியில் இருந்தவருக்குக் கிடைக்காத அம்மருந்துகளை, இன்று நம் நாட்டுக் குடிமக்கள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் பெற்றுக்கொள்ளலாம். ஆயினும் நம்மில் எத்தனை பேர் அதனைப் பயன்படுத்துகிறோம்?

சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டில் நடத்திய தேசியச் சுகாதார ஆய்வு, நாட்டில் வயது வந்தோரில் 30 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொதிப்பு உண்டென்று காட்டிற்று. அவர்களுள் ஏறக்குறைய பாதிப் பேர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். 2023ஆம் ஆண்டின் ஆய்விலும் இவ்விகிதம் 29 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகவே இருந்தது. அதாவது, பெரட்டில் நிற்கும் மூவரில் ஏறத்தாழ ஒருவர் இந்நோயைச் சுமந்து நிற்கிறார் என்று கொள்ளலாம்.

"எனக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஆகவே இரத்தக் கொதிப்பும் இல்லை" என்று கருதுவோர் பலர். இது பெருந்தவறு. இந்நோய் பெரும்பாலும் எவ்வித அடையாளமும் காட்டுவதில்லை. கையில் பட்டையைச் சுற்றி அளந்து பார்ப்பதே அதனை அறியும் ஒரே வழி. 140/90 என்ற அளவுக்கு மேல் தொடர்ந்து இருக்குமாயின் மருத்துவரின் கவனம் தேவை.

மற்றொரு தவறும் நம்மிடையே பரவலாக உண்டு. மாத்திரை உண்டு அழுத்தம் தணிந்தவுடன், "நோய் தீர்ந்தது" என்றெண்ணி மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். இரத்தக் கொதிப்பு மாத்திரை நோயைத் தீர்ப்பதன்று, அடக்கி வைப்பது. வெள்ளத்தைத் தடுக்கும் கரையை, ஊருக்குள் நீர் வரவில்லையே என்று யாரேனும் வெட்டிவிடுவார்களா? சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்னிருந்ததைவிட உயர்ந்துவிடுவதும் உண்டு.

மாத்திரையால் விளையும் நன்மைக்கு ஒரு சான்று காட்டுவோம். 2001ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், முன்பே பக்கவாதம் கண்ட 6,105 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு சாராருக்குப் பெரின்டோபிரில் என்னும் மருந்தும், அவர்களிற் பலருக்கு அதனுடன் சிறுநீர்ப்பெருக்கி ஒன்றும் தரப்பட்டன. மற்றவர்களோடு ஒப்பிடுகையில், மருந்துண்டவர்களுக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்படுவது பாதியாகக் குறைந்தது. நாள்தோறும் விழுங்கும் ஒரு சிறு மாத்திரை சாவைப் பாதி தூரத்துக்குத் துரத்துகிறது என்றால், அதனை மறப்பது தகுமா?

உப்பு, புகை, மது

உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. அஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. மலேசியரோ சராசரியாக 7.9 கிராம் உட்கொள்வதாக 2017, 2018ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வில் தெரியவந்தது. வியர்வை சிந்தி உழைப்பவனுக்கு உப்பு அதிகம் தேவை என்னும் எண்ணம் தோட்டங்களில் வேரூன்றிவிட்டது. கருவாடு, நெத்திலி, ஊறுகாய், பெலாச்சான், சோயாச் சாறு, உடனடி மீ ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பை நாம் கணக்கிடுவதில்லை. ஈப்போ புந்தோங்கில் நம்மவர் கைப்பக்குவத்தால் புகழ்பெற்ற கச்சாங் பூத்தேயும் முறுக்கும் யாருக்குத்தான் பிடிக்காது? விழாநாளில் ஒரு கைப்பிடி உண்பதில் குற்றமில்லை; நாள்தோறும் மாலையில் ஒரு பொட்டலத்தைத் தீர்ப்பதே தீங்கு. குழம்பில் உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து வந்தால், சில வாரங்களில் நாக்கு அதற்குப் பழகிவிடும்.

புகைபிடித்தல் குழாய்ச் சுவர்களை நலியச் செய்கிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள குழாய்களில் சிலருக்குச் சிறு கொப்புளம் போன்ற வீக்கம் உண்டாகி, அது வெடிப்பதாலேயே சவ்வின் அடியில் கசிவு ஏற்படுகிறது. புகைப்பவர்களிடம் இவ்வாபத்து பெரிதும் கூடுகிறது. குடும்பத்தில் நெருங்கிய உறவினர் இருவருக்கேனும் இத்தகைய கசிவு ஏற்பட்டிருக்குமானால், அதனை மருத்துவரிடம் தவறாது சொல்லுதல் வேண்டும்.

மதுவைப் பற்றி நாம் ஒளிவு மறைவின்றிப் பேசியாக வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடையும், பின்னர் வந்த சம்சுவும் நமது குடும்பங்களில் ஏற்படுத்திய அழிவை நாம் அறிவோம். சம்பள நாளன்று கரைந்த பணத்தைப் பற்றி மட்டுமே இதுகாறும் பேசி வந்தோம். மூளைக்கு அது செய்யும் கேட்டைப் பேசினோமில்லை. மிகுதியாகக் குடிப்பவருக்கு இரத்த அழுத்தம் ஏறுகின்றது. இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களை உண்டாக்குவது ஈரல். குடியினால் ஈரல் கெடும்போது இரத்தம் உறையும் தன்மை குன்றுகின்றது. தள்ளாடி விழுவதால் தலையிலும் அடி படுகின்றது. மேலே நாம் கண்ட மூன்று அம்சங்களையும் ஒருசேரத் தாக்கும் பொருள் மதுவேயாகும்.

இளைஞர்களிடையே பரவியுள்ள சியாபு என்னும் போதைப்பொருளையும் இங்கே எச்சரிக்கையாகச் சுட்டுகிறோம். அது இரத்த அழுத்தத்தை நொடியில் உயர்த்தவல்லது. இருபது, முப்பது வயதினருக்கும் மூளையில் கசிவு ஏற்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எலி மருந்தும் இதய மருந்தும்

இனி மருந்துகளைப் பற்றிக் காண்போம். 1920களில் அமெரிக்காவின் வட பகுதியிலும் கனடாவிலும் மாடுகள் காரணமின்றி இரத்தம் கசிந்து மடிந்தன. கெட்டுப்போன ஒருவகைத் தீவனப் புல்லே அதற்குக் காரணமென்று கண்டறியப்பட்டது. 1933ஆம் ஆண்டில் விவசாயி ஒருவர், செத்த பசுவையும், உறையாத இரத்தம் நிறைந்த கலத்தையும் கொட்டும் பனியில் எடுத்துக்கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்குக் கார்ல் லிங்க் என்னும் அறிஞரின் குழுவினர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அத்தீவனத்திலிருந்த நச்சுப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழி வந்ததே வார்ஃபரின். 1948இல் அஃது எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. நமது நாட்டுச் செம்பனைத் தோட்டங்களிலும் எலிகளுக்கு வார்ஃபரின் கலந்த இரை வைக்கப்பட்டது. அதனைத் தின்ற எலி உடலுக்குள் இரத்தம் கசிந்து சாகின்றது.

அதே வார்ஃபரினைத்தான் 1954ஆம் ஆண்டு முதல் மனிதருக்கும் மருத்துவர்கள் மிகச் சிறு அளவில் கொடுத்து வருகின்றனர். இதய வால்வு மாற்றப்பட்டவர்களுக்கும், இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குச் சென்று அடைத்துவிடாமல் அது காக்கின்றது. அளவோடு நின்றால் அஃது அமுதம். அளவு மிஞ்சினால் நஞ்சு. ஆகவேதான் அம்மருந்தை உண்போர் குறித்த நாளில் கிளினிக்குக்குச் சென்று, இரத்தம் உறையும் வேகத்தை அளந்து பார்த்தல் கட்டாயமாகிறது. பலருக்கு அவ்வளவு 2க்கும் 3க்கும் இடையில் இருத்தல் வேண்டும். செயற்கை வால்வு பொருத்தப்பட்ட சிலருக்கு அது சற்று வேறுபடும்.

வார்ஃபரின் உண்போர் அறிய வேண்டியவை சில உண்டு. ஒரு வேளை மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாக விழுங்கலாகாது. பசலை போன்ற கரும்பச்சைக் கீரைகள் அம்மருந்தின் வலிமையைக் குறைக்கும். கீரையை அறவே ஒதுக்க வேண்டியதில்லை, வாரந்தோறும் ஒரே அளவாக உண்டால் போதும். கிருமிக்கொல்லி மருந்துகளுள் சில அதன் வலிமையை மிகைப்படுத்தும். சீனமருந்துக் கடைகளில் கிடைக்கும் டாங் குய், கிங்கோ போன்ற மூலிகைகளும், மாத்திரை வடிவில் விற்கும் பூண்டுச் சத்தும் கசிவை உண்டாக்கக்கூடும். பல் பிடுங்குவதற்கும் அறுவைச் சிகிச்சைக்கும் முன்னர் இம்மருந்து உண்பதைச் சொல்லியே ஆக வேண்டும். இப்பொழுது இதே பணியைச் செய்யும் அபிக்சபான், ரிவாரோக்சபான், டாபிகாட்ரான் முதலிய புதிய மருந்துகள் வந்துள்ளன. அவற்றால் மூளையில் கசிவு ஏற்படும் வாய்ப்பு வார்ஃபரினைவிடக் குறைவு. எனினும் அறவே இல்லையென்று சொல்ல முடியாது.

இதனைப் படித்துவிட்டு எவரும் அஞ்சி மருந்தை நிறுத்திவிடுதல் கூடாது. நிறுத்தினால் கசிவுக்குப் பதிலாக அடைப்பு வந்து சேரும். நமக்கு வேண்டியது எச்சரிக்கை; அச்சமன்று.

கடையில் வாங்கி உண்ணும் மாத்திரைகள்

"இதயத்துக்கு நல்லது" என்று கேள்விப்பட்டு, மருத்துவர் சொல்லாமலேயே நாள்தோறும் ஆஸ்பிரின் விழுங்குவோர் நம்மிடையே இருக்கின்றனர். ஒருமுறை மாரடைப்போ அடைப்பு வகைப் பக்கவாதமோ கண்டவருக்கு ஆஸ்பிரின் உறுதுணை என்பது உண்மை. ஆனால் அத்தகைய நோய் காணாத முதியவர்களின் நிலை வேறு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளியாயின. ஆஸ்பிரின் உண்டவர்களின் நலவாழ்வு நீளவில்லை. மாறாக, இரத்தக் கசிவே அவர்களிடம் கூடிற்று.

முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் உண்ணும் டைக்ளோபெனாக், போன்ஸ்தான் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் உண்டால் இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் பழுதுறும், வார்ஃபரினோடு சேர்த்து உண்டால் கசிவு எளிதில் நேரும். குனிந்து நிமிர்ந்து மரம் வெட்டியவருக்கு மூட்டு வலி இயல்பே. அதற்குப் பாதுகாப்பான வழியை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

சந்தையிலும் வழியோரங்களிலும், "ஒரே நாளில் வலி பறந்துவிடும்" என்று கூவி விற்கப்படும் ஜாமு உருண்டைகளிடத்தும் விழிப்பாயிருத்தல் அவசியம். பதிவு பெறாத இத்தகைய பொருள்களில் ஸ்டீராய்டு மருந்து களவாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்துள்ளது. ஸ்டீராய்டு வலியை உடனே மறைக்கும். அத்துடன் இரத்த அழுத்தத்தையும் இனிப்புநீரையும் ஓசையின்றி ஏற்றிவிடும். பெட்டியின் மீது அமைச்சின் பதிவெண்ணும் ஒளிரும் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் உண்டா என்று பார்த்தே வாங்குதல் வேண்டும்.

சளி மருந்தும் சில வேளைகளில் தீங்கிழைக்கும். சளிக்கும் உடல் மெலிவதற்கும் விற்கப்பட்டு வந்த பினைல்புரோப்பனோலமைன் என்னும் மருந்து, பெண்களுக்கு மூளைக் கசிவை உண்டாக்கக்கூடும் என்று 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வொன்று காட்டியதும், அதனைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளுமாறு அந்நாட்டு அதிகாரிகள் கேட்டுக்கொண்டனர். இன்று சளி மருந்துகளில் உள்ள சூடோஎபிட்ரினும் இரத்த அழுத்தத்தைச் சற்று உயர்த்தவல்லது. ஆகவே, இரத்தக் கொதிப்புள்ளவர்கள் மருந்துக் கடையில் தமது நோயை முதலில் சொல்லி, பின்னரே மருந்து வாங்குதல் நன்று.

தலையில் பட்ட அடி

மழையில் வழுக்கிய படிக்கட்டு, குளியலறையின் ஈரத்தரை, காய்ந்து விழும் மரக்கிளை, தோட்டத்துச் செம்மண் பாதையில் சறுக்கிய மோட்டார் சைக்கிள் ஆகியவற்றால் தலையில் அடி படுவதுண்டு. அன்றைக்கு ஒன்றும் தெரியாமற்போகலாம். ஆனால் முதியவர்களிடமும், மது அருந்துவோரிடமும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துண்போரிடமும் கசிவு மெல்ல மெல்லச் சேர்ந்து, சில வாரங்கள் கழித்துத் தலைவலியாகவும் தடுமாற்றமாகவும் மறதியாகவும் வெளிப்படும். "பாட்டிக்கு வயதாகிவிட்டது; அதனால் உளறுகிறார்" என்று நாம் சும்மா இருந்துவிடுகிறோம். தக்க காலத்தில் கண்டால், தேங்கிய இரத்தத்தை அறுவைச் சிகிச்சையால் வெளியேற்றி அவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும். தலைக்கவசம் அணிய வேண்டும் என்னும் சட்டம் 1973ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் உண்டு. தோட்டத்துப் பாதையில் காவலர் இல்லை என்பதற்காக நமது மண்டையோடு உறுதியாகிவிடுவதில்லை.

ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புடையது

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கையோ காலோ வலுவிழத்தல், பேச்சு குழறுதல், பார்வை மங்குதல், நடை தடுமாறுதல், வாழ்நாளில் கண்டிராத கடும் தலைவலி இடிபோலத் தாக்குதல், அத்துடன் வாந்தியும் மயக்கமும் வருதல் ஆகிய இவை அபாய அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே 999 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். கசிவு முதல் சில மணி நேரத்தில் பெருகும் இயல்புடையது. 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், இந்தியாவும் இலங்கையும் உள்ளிட்ட பத்து நாடுகளைச் சேர்ந்த 7,036 நோயாளிகள் பங்குகொண்டனர். இரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் தணிக்க முயல்வதோடு சருக்கரை அளவு, காய்ச்சல், இரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றையும் விரைந்து சீர்செய்த மருத்துவமனைகளில், நோயாளிகள் பிழைத்து நலம் பெறுவது கூடிற்று. ஆனால் நோயாளி அங்கே போய்ச் சேர்ந்தாலன்றோ மருத்துவர் அதனைச் செய்ய முடியும்?

உதவி வரும்வரை நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். நீரோ காப்பியோ மாத்திரையோ புகட்டலாகாது. அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். விரல் நுனிகளில் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் பக்கவாதம் தீரும் என்னும் செய்தி கைத்தொலைபேசிகளில் உலவி வருகின்றது. அதனால் பயன் யாதுமில்லை, நேரமே வீணாகிறது. நோய் தொடங்கிய மணி எது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளி உண்ணும் மருந்துகள் அனைத்தையும், கிளினிக் புத்தகத்தையும் ஒரு பையில் போட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள். ஸ்கேன் கருவி எல்லாச் சிறு மருத்துவமனைகளிலும் இராது. ஆகவே, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு நோயாளி அனுப்பப்படலாம். தெய்வத்தை வேண்டுவதை எவரும் தடுக்கவில்லை. வேண்டுதலை வண்டியில் போகும்போதும் செய்யலாம் அல்லவா?

நமது கடமை

ஒரு காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே மருந்தகமும் டிரெஸ்ஸரும் இருந்தனர். குறைகள் இருந்தபோதிலும், லயத்தின் வாசலில் வந்து நலம் விசாரிக்க ஒருவர் இருந்தார். இன்று பேராவின் பால்மரக் காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. நம்மவர் பலர் நகரத்து அடுக்குமாடி வீடுகளில் குடியேறி, ஆலைகளிலும் காவல் வேலையிலும் இரவு பகல் மாறிமாறி உழைக்கின்றனர். நமது உடல்நலத்தை விசாரிக்க இனி எவரும் வாசலுக்கு வரமாட்டார். நாமே தேடிச் செல்லுதல் வேண்டும்.

நாற்பது வயதை எட்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தத்தையும் இனிப்புநீரையும் பரிசோதித்துக்கொள்வோமாக. குறைந்த வருமானமுடையோர்க்கென 2019இல் தொடங்கப்பட்ட பெக்கா பி40 திட்டத்தின்கீழ், தகுதியுடைய நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ள வாய்ப்புண்டு. படித்த பிள்ளைகள் பெற்றோரின் மருந்து உறைகளில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லி, அவற்றை வேளை தவறாமல் உண்ணச் செய்வார்களாக. குடும்பத் தலைவிகள் குழம்பில் உப்பைக் குறைப்பார்களாக. ஆடவர்கள் புகையையும் மதுவையும் விட்டொழிப்பார்களாக.

பால்மரத்தை வெட்டும்போது நாம் எத்துணைக் கவனமாக இருக்கிறோம்! உளி சற்றே ஆழமாக இறங்கினாலும் மரம் புண்பட்டுப் பட்டை வீங்கிவிடும் என்று மயிரிழை பார்த்து வெட்டுகிறோம். பிறருடைய மரத்துக்குக் காட்டிய அக்கவனத்தில் ஒரு பங்கை நமது உடலுக்கும் காட்டுவோமானால், நிரை நடுவில் சாய்ந்துவிழும் அந்தத் தொழிலாளி மாலையில் வீடு திரும்பி, தம் பிள்ளைகளோடு அமர்ந்து உணவு உண்பார்.